சும்மா இருக்கிற சோலி

ஏலே பேராண்டி, மணிக்கட்டுல ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கட்டிக்கிட்டு அதையே தடவித் தடவிப் பாக்குறியே, அது அப்படி என்னதான்டா சொல்லுது? நேத்து ராத்திரி சோபாவுல சாஞ்சுகிட்டு, "தாத்தா, எனக்கு ரெஸ்டிங் ஹார்ட் ரேட் 94"ன்ன. குரல்ல அம்புட்டுப் பெருமை. பத்தாங்கிளாஸ் கணக்குப் பரீட்சையில அந்த 94-ஐ வாங்கியிருந்தா உங்க அப்பன் சாத்தூர்ச் சேவு வாங்கித் தெரு முழுக்கக் குடுத்திருப்பான். வாங்க வேண்டிய எடத்துல வாங்காம இங்க வந்து வாங்கியிருக்க.

நூறைத் தாண்டலையே, நார்மல்தானேன்னு கேப்ப. நார்மல்தான். 60-ல இருந்து 100 வரைக்கும் நார்மல்னுதான் டாக்டர் புஸ்தகத்துல போட்டிருக்கு. நூத்துக்கு 35 வாங்கினவனும் பாஸுதான், அதுக்காக யாரும் மாலை போட மாட்டாங்க.

உன்னைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கிண்டி ஹால்டா சிக்னல்ல பச்சை விழுறதுக்கு முன்னாடியே ஆரன் அடிக்கிற. லிப்ட்டு பட்டனை ஒரு தரம் அமுக்கினா வராதுன்னு ஏழெட்டுத் தரம் அமுக்குற. நான் மத்தியானம் ஈசிசேர்ல செத்த நேரம் கண்ணசந்தா, "தாத்தாவுக்கு டைமோட அருமையே தெரியல"ன்னு பொண்டாட்டி காதுல கிசுகிசுக்குற. கிழவனுக்குக் காது மந்தம்னு நெனப்பு. வேண்டாததுதான்டா எனக்குக் கேக்காது. என் பேரு அடிபட்டா நல்லாவே கேக்கும்.

அதனால டைமோட அருமையைப் பத்தி ஒரு கணக்குச் சொல்றேன், கேட்டுக்க. கணக்கு என்னுதில்ல, உன் நெஞ்சுக்குள்ள இருக்கானே ஒருத்தன், அவன் கணக்கு. கைப்பிடி அளவு, ஏறத்தாழ 300 கிராம் எடை. நீ தூங்கினாலும் தூங்காதவன், லீவு லெட்டர் எழுதாதவன்னு எல்லாரும் அவனைத் தூக்கி வச்சுப் பேசுறாங்க. ஓயாத உழைப்பாளியாம். சுத்தப் புளுகு.

நிமிசத்துக்கு 75 தடவை துடிக்குதுன்னு வச்சுக்க. ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதுல கீழறை ரெண்டும் இறுகிச் சுருங்குறது ஏறக்குறைய 0.27 விநாடிதான். மிச்சம் 0.53 விநாடி தளர்ந்து கெடக்கும். சுருங்குறதை சிஸ்டோல்ங்கறாங்க, தளர்றதை டயஸ்டோல்ங்கறாங்க. இப்ப நிமிசத்துக்குப் பெருக்கு. வேலை 20 விநாடி, தளர்ச்சி 40 விநாடி. நாளைக்குப் பெருக்கினா 8 மணி நேரம் வேலை, 16 மணி நேரம் ஓய்வு!

பாத்தியா? சிங்காரவேலர் 1923-ல இந்த மெட்ராஸ் கடற்கரையில செங்கொடி புடிச்சு நாட்டுலயே மொத மே தினம் கொண்டாடினாரே, எட்டு மணி நேர வேலைன்னு தொழிலாளி அடிபட்டு மிதிபட்டு வாங்கினானே, அதை உன் நெஞ்சு ஒரு கொடியும் புடிக்காம ஆதியில இருந்தே வாங்கி வச்சிருக்கு. 2023 ஏப்ரல்ல நம்ம சட்டசபையிலயே பன்னெண்டு மணி நேர வேலைக்கு ஒரு மசோதா நிறைவேத்தினாங்க. ஊரே சத்தம் போட்டுச்சு, மே ஒண்ணாந் தேதி வாபஸ்னு அறிவிச்சாங்க. வாரத்துக்கு 70 மணி, 90 மணின்னு அப்பப்ப ஒரு பெரிய முதலாளி வாயைத் தொறக்குறாரே, அவரு நெஞ்சும் எட்டு மணி நேரத்துக்கு மேல ரொம்ப வேலை பாத்திருக்காது. பாத்திருந்தா பேசுறதுக்கு அவரு இருந்திருக்க மாட்டாரு.

சரி, அந்தப் பதினாறு மணி நேரமும் அது சும்மாவா கெடக்கு? அங்கதான்டா சூட்சுமம்.

நம்ம கரிசக்காட்டுல நீ கமலை எறைச்சுப் பாத்திருக்க மாட்ட. உன் அப்பன் பாத்திருக்கான், ஆனா டிராயர்ல மண்ணு படாமத் தள்ளி நின்னு பாத்தவன். மாடு ரெண்டும் சரிவுல முன்னால எறங்கும்போது வடம் இழுபட்டு சால் மேல வரும், தண்ணி வாய்க்கால்ல கொட்டும். அப்புறம் மாடு பின்னுக்கு நடந்து மேடேறும். அப்ப சால் கெணத்துக்குள்ள எறங்கி, முங்கி, நெறையும். பாக்குறவனுக்கு மாடு முன்னால போறதுதான் வேலை, பின்னால வர்றது வெட்டி. புதுசா எறைக்க வர்ற எளவட்டம் என்ன செய்வான்? சால் முங்குறதுக்குள்ள மாட்டை அதட்டி ஓட்டுவான். அரைச் சால் தண்ணி வரும். மாட்டுக்கு நுரை தள்ளும், வாய்க்கால் நனையாது, இவன் மட்டும் வேர்த்து விறுவிறுத்து நிப்பான். எங்க அப்பாரு வடத்து மேல ஒக்காந்துகிட்டு, சால் முங்குற சத்தத்தைக் காதுல வாங்கிட்டுத்தான் மாட்டைத் திருப்புவாரு.

நெஞ்சுக்குள்ள நடக்குறது அதே எறவைதான். தளர்ந்து கெடக்குற அந்த அரை விநாடியிலதான் கீழறை நெறையுது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்கிற வால்வு தொறந்து கெடக்க, வர்ற ரத்தத்துல அஞ்சுல நாலு பங்கு யாரும் தள்ளாமத் தானா எறங்கிடும். கடைசியில மேலறை லேசா ஒரு பத்துல ஒரு விநாடி சுருங்கி, மிச்சம் ஒரு பங்கைத் தள்ளிவிடும். எடது கீழறையில அப்ப 120 மில்லி இருக்கும். உடனே இறுகாது. மேலறையில பொறந்த மின்துடிப்பு நடுவுல ஒரு கணு இருக்கு, அங்க வந்து ஏறத்தாழ பத்துல ஒரு விநாடி நிக்கும். 1906-ல தவாராங்கற ஜப்பான்காரர் அதைக் கண்டுபிடிச்சாரு. எதுக்கு நிக்குது? மேலறை ஊத்தி முடிக்கட்டும்னு நிக்குது. உன்னைய மாதிரி ஆளு அந்தக் கணுவுல ஒக்காந்திருந்தா ஆரனை அடிச்சே ஆளைக் கொன்னுருப்பான்.

அப்புறம் கீழறை இறுகும். மேலறைப் பக்கத்து வால்வு படக்குன்னு சாத்திக்கும். டாக்டர் குழாய் வச்சுக் கேக்குறாரே, "லப்"புன்னு ஒரு சத்தம், அது இதுதான். இந்த எடத்தைக் கவனி. உள்ள வர்ற கதவும் சாத்தியாச்சு, வெளிய போற கதவும் இன்னும் தொறக்கல. நூத்துல அஞ்சு விநாடி நாலு பக்கமும் அடைச்சு வச்சு இறுக்குது. ஒரு சொட்டு நகராது, அழுத்தம் மட்டும் ஏறும். அந்த வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் மகாதமனி, ரத்தம் வெளிய போற பெரிய குழாய். அதுல இருக்கிற அழுத்தம் 80. அதைத் தாண்டின பிறகுதான் வெளிக்கதவு தொறக்கும். 120 வரைக்கும் ஏறி, 70 மில்லியைத் தள்ளிட்டு, 50 மில்லியை உள்ளயே வச்சுக்கும். துடைச்சு எடுக்காது. கையிருப்பு இல்லாம எந்தச் சம்சாரி குடும்பம் நடத்தியிருக்கான்? நீதான் ஒண்ணாந் தேதி சம்பளத்தை மூணாந் தேதி இஎம்ஐ-க்குத் துடைச்சுக் குடுக்குற.

தள்ளி முடிச்சதும் கீழறை தளரும். வெளிய போன ரத்தம் திரும்பி வரப் பாக்கும். மகாதமனி வால்வு மூணு இதழையும் விரிச்சு மூடிக்கும். அது "டப்". நீ கேக்குற லப்-டப் அம்புட்டும் கதவு சாத்துற சத்தம்தான். கதவு தொறக்குற சத்தம் நல்ல நெஞ்சுல வெளிய கேக்காது. வரும்போது சத்தமில்லாம வந்துட்டு, போகும்போது கதவை டமால்னு சாத்திட்டுப் போற உன் தங்கச்சி ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல.

நான் ஏதோ கதை விடுறேன்னு நெனைக்காத. கிண்டி கிங் வளாகத்துல முதியோருக்குன்னே தனி ஆஸ்பத்திரி 2024-ல தொறந்தாங்களே, அங்க எனக்கு எக்கோ எடுத்தப்ப என் கண்ணால பாத்தது. நெஞ்சுல குளுகுளுன்னு ஒரு பசையைத் தடவி, சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு கருவியை எடது பக்கம் அழுத்திப் புடிச்சாங்க. திரையில கறுப்பு வெள்ளையா மிட்ரல் வால்வு, எடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்கிற அதே கதவு. ரெண்டு இதழ். நான் நெனச்சேன், ஒரு துடிப்புக்கு ஒரு தரம்தான் தொறக்கும்னு. இல்லடா. அகலத் தொறந்துச்சு, பாதி மூடி அரைக்கண்ணா மெதந்துச்சு, மறுபடி லேசாத் தொறந்து அப்புறம்தான் சாத்துச்சு. அந்த ரெண்டாவது தொறப்பு மேலறை கடைசியாத் தள்ளுற தள்ளுக்காம். "ஐயா, மூச்சை இழுத்துப் புடிங்க"ன்னுச்சு எக்கோ எடுத்த புள்ள. பாத்துக்கிட்டே இருந்ததுல விட மறந்து போச்சு.

இப்ப உன் அவசரத்துக்கு வர்றேன். நெஞ்சு வேகமா துடிச்சா, வேலை நேரமும் ஓய்வு நேரமும் சரிசமமாக் கொறையும்னுதான் நெனப்ப. அப்படிக் கெடையாது. நிமிசத்துக்கு 200 துடிச்சா ஒரு துடிப்புக்கு 0.3 விநாடி. சுருங்குற நேரம் 0.27-ல இருந்து 0.16 ஆகும், பெரிய நட்டம் இல்ல. தளர்ற நேரம் 0.53-ல இருந்து 0.14-க்கு விழுந்துரும், நாலுல ஒரு பங்கு. நிமிசத்துக்கு 40 விநாடி இருந்த ஓய்வு 28 ஆச்சு, 20 விநாடி வேலை 32 ஆச்சு. அவசரப்பட்டா மொதல்ல வெட்டு விழுறது ஓய்வுக்குத்தான், உங்க ஆபீஸ் மேனேஜர் எங்க படிச்சிட்டு வந்தாருன்னு இப்பத் தெரியுது. ஓடும்போது, மாடியேறும்போது ஒடம்பு அதுக்குத் தக்கன ஈடு கட்டிக்கும், காலு சதை ரத்தத்தைத் திருப்பி அனுப்பும், மேலறை ஓங்கித் தள்ளும். அது வேற. சோபாவுல சாஞ்சுகிட்டு மெயில் பாக்குறதுக்கு என்னடா 94?

இன்னொண்ணும் இருக்கு. நெஞ்சுத் தசைக்கும் ரத்தம் வேணுமில்ல? உள்ள அம்புட்டு ரத்தம் போய் வந்தாலும் அதுல இருந்து உறிஞ்சிக்க முடியாது. மகாதமனி அடியில இருந்து தனியா ரெண்டு கொரோனரிக் குழாய் பிரிஞ்சு வந்து தசைக்குள்ள ஓடுது. எடது கீழறை இறுகும்போது தன் தசைக்குள்ள ஓடுற குழாயையே நசுக்கிக்கும். அதனால அந்தப் பக்கத் தசைக்குப் பெரும்பங்கு ரத்தம் கெடைக்கிறது தளர்ந்திருக்கும்போதுதான். ஓய்வைக் கொறைச்சா நெறையுறதும் கொறையும், அதோட சாப்பாடும் கொறையும். குழாயில ஏற்கெனவே கொழுப்பு அடைஞ்சவனுக்கு வேகமாத் துடிச்சா நெஞ்சு வலிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். துடிப்பைக் கொறைக்க டாக்டர் மாத்திரை குடுக்குறது அதனாலதான்.

இதையெல்லாம் யாரு கண்டுபிடிச்சான்னு கேளு. கேக்க மாட்ட, நானே சொல்றேன். பால்கனியில நின்னா தெரியுதே ரேஸ்கோர்ஸ் மைதானம், அங்க ஓடின ஜாதிதான் சொல்லிக் குடுத்துச்சு. குதிரை.

1733-ல ஸ்டீபன் ஹேல்ஸுன்னு ஒரு இங்கிலீஷ்காரப் பாதிரியார் புஸ்தகம் போட்டாரு. பூசை நேரம் போக மிச்ச நேரத்துல அவரு பாத்த சோலி என்ன தெரியுமா? ஒரு பெட்டைக் குதிரையைப் படுக்கப்போட்டுக் கட்டி, தொடைத் தமனியில பித்தளைக் குழாயைச் சொருகி, அதுல ஒரு நெட்டைக் கண்ணாடிக் குழாயை நிறுத்தினாரு. ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்னு, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி எறங்குச்சு. ரத்த அழுத்தத்தை மனுசன் மொதமொதல்ல அளந்தது அப்பதான். குதிரை பாவம். 1861-வாக்குல ஷோவோங்கற கால்நடை வைத்தியரும் மாரேங்கற டாக்டரும் பிரான்சுல கொஞ்சம் நாகரிகமாச் செஞ்சாங்க. குதிரையை நிக்க வச்சு, கழுத்து ரத்தக்குழாய் வழியா நுனியில ரப்பர் பை கட்டின குழாயை நெஞ்சறைக்குள்ள விட்டு, மேலறை எப்ப அழுத்துது, கீழறை எப்ப அழுத்துதுன்னு உருளையில கோடாவே வரைய வச்சுட்டாங்க. இன்னைக்கு மருத்துவக் கல்லூரியில பிள்ளைங்க முழி பிதுங்க வரையுற படத்துக்குப் பிள்ளையார் சுழி அதுதான்.

ஏன் குதிரைன்னா, நிக்கிற குதிரைக்கு நிமிசத்துக்கு 30, 40 துடிப்புத்தான். ஆற அமரப் பாக்கலாம். எலியை வச்சுப் பாத்திருந்தா அது துடிக்கிற வேகத்துக்குக் கோடு கோடா இழுத்து ஒண்ணும் வெளங்கியிருக்காது. அதே குதிரை பந்தயத்துல நாலுகால் பாய்ச்சல்ல 200-ஐத் தாண்டும். அவ்வளவு ஓட வேண்டிய பிராணி நிக்கும்போது 35-ல நிக்குது. ஓட வேண்டியதே இல்லாத நீ ஒக்காந்துகிட்டு 94-ல இருக்க. இதுல எது பந்தயக் குதிரைன்னு எனக்குத் திகைப்பா இருக்கு.

கிண்டியில 1777-ல இருந்து குதிரை ஓடுச்சுன்னு சொல்வாங்க. குதிரைப் பந்தயம் சூதாட்டமில்ல, திறமைன்னு 1996-ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிருச்சு. திறமை குதிரையோடதா, பணம் கட்டுனவனோடதான்னு நம்மூரு ஆளுங்க நெறைய பேரு வீட்டை அடமானம் வச்சுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. 2024 செப்டம்பர்ல அரசாங்கம் அந்த 160 ஏக்கரையும் எடுத்து சீல் வச்சிருச்சு. அப்புறம் அங்க மழைத் தண்ணி தேங்கக் குளம் வெட்டினாங்க. ஓடுற எடத்தை நெறையுற எடமா மாத்தியிருக்காங்க. கவர்மெண்டுக்கே புரிஞ்சிருச்சு, உனக்குத்தான் இன்னும் புரியல.

ஒரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். துடிப்பைக் கெளப்புறதுக்கு மேலறையில வேற ஒரு கணு இருக்கு, அதை அது போக்குல விட்டா நிமிசத்துக்கு 100-ஐ ஒட்டி அடிக்கும். மூளையடியில இருந்து எறங்கி வர்ற வேகஸுன்னு ஒரு நரம்பு அதைக் கடிவாளம் போட்டு 70-க்கு இழுத்துப் புடிக்குது. பேரு வேகஸு, பாக்குறது வேகத்தைக் கொறைக்கிற உத்தியோகம். வேற ஆளு இதயத்தைப் பொருத்திக்கிட்டவங்களுக்கு அந்த நரம்பு அறுபட்டிருக்கும், அதனால சும்மா இருக்கும்போதே 90, 100-னு துடிக்கும். 2008-ல மூளைச்சாவு அடைஞ்ச ஒரு பையனோட இதயம் தேனாம்பேட்டையில இருந்து முகப்பேருக்குப் போக, போலீஸ் ரோட்டையே ஒதுக்கிக் குடுத்து பதினோரு நிமிசத்துல கொண்டு சேத்தாங்களே, அது அவசரம். மெட்ராஸ்ல நான் ஒத்துக்கிட்ட ஒரே அவசரம் அது. உனக்கு நரம்பு அறுபடல, இருக்கு. தெனம் முக்கா மணி நேரம் வேர்க்க நடந்தா அதோட பிடி பலமாகும், ஒவ்வொரு துடிப்புலயும் தள்ளுற ரத்தமும் கூடும். நல்லாப் பழகின ஓட்டக்காரனுக்கு ஒக்காந்திருக்கும்போது 50-க்குக் கீழகூடப் போகும். சிறுவர் பூங்காவுல மானைப் பாத்துக்கிட்டே நட. டிக்கெட்டுக் காசு நான் தர்றேன்.

நெறையுற வழியே அடைச்சுக்கிட்டா என்னாகும்னு நம்ம சனத்துக்கு நல்லாத் தெரியும். சின்ன வயசுல தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம்னு வந்து கவனிக்காம விட்டா, வருசங்கழிச்சு மிட்ரல் வால்வு தடிச்சு ஒட்டிக்கும். ரத்தம் எறங்க நேரம் கூட வேணும். அப்படி வால்வு ஒட்டின ஒரு பொண்ணு கர்ப்பமாகி நெஞ்சு வேகமாத் துடிக்க ஆரம்பிச்சா, நேரம் போதாம ரத்தம் நுரையீரல்ல தேங்கி, படுத்தா மூச்சு முட்டும். இப்படிக் கெட்டுப்போன வால்வுக்குப் பதிலா வெளிநாட்டு வால்வு வாங்க வக்கில்லாத காலத்துல, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்துல டாக்டர் வலியத்தான் குழு நம்ம நாட்டுலயே ஒண்ணைச் செஞ்சாங்க. மூணு மாதிரி தோத்து, நாலாவதுதான் தேறுச்சு. 1990 டிசம்பர் 6-ல மொத ஆளுக்கு வச்சாங்க. நம்ம மெட்ராஸ் டிடிகே கம்பெனி பேரும் சேந்து டிடிகே சித்ரா வால்வுன்னு ஆச்சு. ஒரு பிளாஸ்டிக் வட்டு, உலோகக் கூடு. வருசத்துக்கு நாலு கோடித் தடவை தொறந்து மூடணும். மூணு தடவை தோத்தும் அவசரப்பட்டு ஆளுக்கு வைக்காம நாலாவதுக்குக் காத்திருந்தாங்க பாரு, அதை உங்க ஆபீஸ்ல யாருகிட்டயாவது சொல்லு. நீங்கதான் பாதி வெந்ததைப் பரிமாறிட்டு அப்டேட்டு வரும்ங்கறவங்க.

இப்ப அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டு. பெருவெரலுக்குக் கீழ மணிக்கட்டுல ரெண்டு வெரலை வை. அஞ்சு நிமிசம் பேசாம ஒக்காந்துட்டு, முழுசா ஒரு நிமிசம் எண்ணு. காலையில எந்திரிச்சதும் காப்பிக்கு முன்னாடி எண்ணினா இன்னும் நல்லது. சும்மா இருக்கும்போதே 100-க்கு மேல நிக்குதா, தாளம் தப்பித் தப்பி வருதா, படியேறினா மூச்சு முட்டுதா, நெஞ்சை அழுத்துதா? அப்ப எங்கிட்டயும் வராத, கூகுள்கிட்டயும் போகாத. ரத்தசோகை, தைராய்டு, வால்வு, என்னவா வேணாலும் இருக்கும். நம்ம கிங் வளாகத்துலயே கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரி 2023 ஜூன்ல இருந்து ஆயிரம் படுக்கையோட நிக்குது, நம்ம வீட்டுல இருந்து ஆட்டோக்காரன் பேரம் பேசி முடிக்கிறதுக்குள்ள போயிரலாம். ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துட்டு வா. நெஞ்சு வலி பெருசா இருந்தா 108-க்கு அடி. இது ஒண்ணுக்கு மட்டும் நீ அவசரப்படலாம், நான் தடுக்க மாட்டேன்.